கடலுக்குப் பக்கத்தில் ஒரு கடல்

எங்கள் காலனியிலிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான். காற்று திரும்பிவிட்டால் கொடியில் காயும் துணியில் உப்பு ஏறும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சமையலறையில் கேட்கும். அப்படியிருந்தும் நாங்கள் ஒரு கடல் கட்டினோம். சிமெண்டில் கட்டி, நீல பெயிண்ட் அடித்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, ‘கடலில் இறங்கக் கூடாது’ என்று பலகையும் மாட்டினோம். பலகையை எழுதியது நான். எழுதச் சொன்னவர் எங்கள் காலனி நலச் சங்கத்தின் தலைவர்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அவர் தலைவர்தான். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிட்டதால் எனக்கு மட்டும் அவர் மாமா. இரண்டு பேரும் இப்போது மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். எட்டாவது மாடியாம்.

தலைவர் துறைமுகத்தில் சிவில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அலைதடுப்புச் சுவருக்குக் கல் இறக்கியே பாதி ஆயுளைக் கழித்ததாகச் சொல்வார். கடல் எதுவரை வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்று கடலுக்கே சொல்லிக்கொடுத்த மனிதர், காலனிக்குள் வந்தபின் சும்மா இருப்பாரா?

இயற்கையை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. வரவேற்பறைச் சுவர் முழுக்க ஓர் அருவிப் படம் ஒட்டியிருந்தார். தினமும் விடிந்ததும் காலனியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு மலையோ ஏரியோ அனுப்புவார். குடியரசு தினக் கொடியேற்றத்தில் காடுகளைப் பற்றிப் பேசினால் மிட்டாய் கொடுக்க நேரமாகிவிடும். ஒரே ஒரு நிபந்தனைதான். இயற்கை அசையக் கூடாது, உதிரக் கூடாது, கத்தக் கூடாது, எச்சம் போடக் கூடாது. இதில் ஒன்றைச் செய்தாலும் அது அவர் கணக்கில் இயற்கையிலிருந்து நீங்கி அசிங்கத்தில் சேர்ந்துவிடும்.

“ஒழுங்கா மட்டும் இருந்துச்சுன்னா, இயற்கைய மிஞ்சி ஒண்ணு உண்டா?” என்பார்.

அவர் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. வேம்பின் மருத்துவ குணங்களை நடந்து போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். சொல்லிக்கொண்டே இலையைப் பெருக்குவார். பங்குனியில் அது மொத்தமாக உதிர்த்தது. முதலில் ஒரு பக்கக் கிளையைக் கழித்தார். அடுத்த வருஷம் மறுபக்கம். அதற்கடுத்த வருஷம் மரத்தையே எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் காம்பவுண்டுச் சுவரில் ஒரு வேப்பமரம் வரையச் சொன்னார். ஓவியர் நன்றாகவே வரைந்திருந்தார், பழம்கூட இருந்தது.

“எப்படியிருக்கு?” என்று அத்தையிடம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. நெழலு எந்தப் பக்கம் விழும்?” என்றாள் அத்தை. அத்தை குறைவாகப் பேசுகிறவள். கொல்லைப்புறத்தில் அணிலுக்கு ஒரு கொட்டாங்கச்சியில் சோறும், தெருநாய்க்கு ஒரு தட்டில் மீன்தலையும் வைப்பாள். அவர் வருகிற சத்தம் கேட்டால் இரண்டையும் காலால் அடுப்படிக்குள் தள்ளிவிடுவாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தக் குடும்பம் அப்படித்தான் நிம்மதியாக நடந்தது.

பூங்கா யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு கம்பெனி சமூக சேவைக்காக எதையாவது கட்டித்தரத் தயாராக இருந்தது. எதையாவது கட்ட வேண்டும் என்று தலைவரும் தயாராக இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, “ஏம்மா, நீ பாட்டனிதான படிச்சே?” என்றார். நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆமாம் என்றேன்.

“இயற்கைச் சூழல் மண்டலம்னு பாடத்துல இருக்குல்லா. எத்தன வகை?”

“காடு, புல்வெளி, பாலைவனம், குளம், கடல்னு முக்கியமானது சொல்லுவோம் மாமா. ஒவ்வொண்ணுலயும் உயிருள்ள கூறு, உயிரற்ற கூறுன்னு ரெண்டு உண்டு. செடி, மிருகம், பூஞ்சை ஒரு பக்கம். மண்ணு, தண்ணி, காத்து, வெளிச்சம் ஒரு பக்கம்.”

“அம்புட்டையும் ஒரே எடத்துல கட்டுதோம். பிள்ளைங்க எங்கயும் அலைய வேண்டாம். நீ போர்டு எழுதித் தந்துரு.”

“எங்கன கட்டப் போறீங்க?”

“கடைசித் தெருவுக்கு அந்தப் பக்கம். அந்தப் பள்ளத்துல.”

கடைசித் தெருவுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடந்தது அந்தப் பள்ளம். மழை பெய்தால் காலனித் தண்ணீர் முழுக்க அங்கேதான் போய்ச் சேரும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஓரத்தில் சிவந்துபோன உமரிச் செடி, நடுவில் கோரை, நாலைந்து உடைமரம். தண்ணீர் கிடக்கிற மாதங்களில் சிவப்பு நூல் மாதிரி நீளக் காலோடு பவளக்காலிப் பறவைகள் நடந்து திரியும். தவளைச் சத்தத்தில் டிவி கேட்காது.

“மாமா, அதுவே ஒரு சூழல் மண்டலம்தான?” என்றேன். “உயிருள்ளது, இல்லாதது எல்லாம் அங்கனயே கெடக்கே.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தும் இப்படி ஆகிவிட்டதே என்கிற பார்வை.

“அதுவா? அது பள்ளம்மா,” என்றார்.

பள்ளத்தை மூட ஊருக்குள் இடித்த பழைய வீடுகளின் இடிபாடு லாரி லாரியாக வந்து விழுந்தது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளுக்கு அஸ்திவாரம் பவளப்பாறைதான். ஒரு காலத்தில் தீவுகளைச் சுற்றி வெட்டி, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, செங்கல்லைப் போல அடுக்கியிருக்கிறார்கள். இடிபாட்டுக்குள் அந்தக் கற்கள் மூளையைப் போலவும் தேன்கூட்டைப் போலவும் கிடந்தன. தலைவர் ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, “எங்க தாத்தா வீடும் இந்தக் கல்லுதான். நல்ல ஸ்ட்ராங்கு,” என்று பள்ளத்துக்குள் போட்டார். நிஜப் பவளப்பாறை அடியில் போயிற்று. அதன்மேல் தளம் போட்டு, அந்தத் தளத்தின்மேல் சிமெண்டில் பவளப்பாறை செய்தோம்.

சிலைகளைச் செய்தவர் கயத்தாறு பக்கத்துக் கொத்தனார். அதுவரை அவர் செய்ததெல்லாம் கோயில் மதில் சிங்கங்கள். கை அதற்கே பழகியிருந்தது. ஆகவே எங்கள் மானுக்கு லேசாகப் பிடரி உண்டு. முயல் பல்லைக் காட்டி உறுமியது. ஒட்டகத்துக்கு முன்னங்கால் நிற்காமல் இரண்டு தடவை விழுந்ததால், மூன்றாவது தடவை உட்கார வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, ஒட்டகம் உக்காரத்தான செய்யும்?” என்றார் கொத்தனார்.

“உக்காரட்டும். ஆனா நேரா உக்காரணும்,” என்றார் தலைவர். மட்டப்பலகை வைத்துத் திமிலைச் சரிபார்த்தார்.

பாலைவனத்துக்குத் திருச்செந்தூர் போகிற வழியில் உள்ள தேரி என்கிற செம்மணல் மேட்டைச் சொல்லி, பிள்ளைகளை அங்கே ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப் போனாலே போதுமே என்றேன். “பாலைவனம் மஞ்சளா இருக்கணும்மா. செவப்பா இருந்தா யாரு ஒத்துக்கிடுவா?” என்றார். கிரஷர் மணலில் மஞ்சள் கலர்ப்பொடி கலந்து பரப்பினார்கள். காட்டுக்கு சிமெண்டு மரம், பிளாஸ்டிக் இலை. புல்வெளிக்கு பச்சைப் பாய். குளத்துக்கு டைல்ஸ். கடலில் ஒரு டால்பின், சில மீன்கள், நடுவில் வாயைத் திறந்த ஒரு முத்துச்சிப்பி. முத்து, ஓர் உருண்டை பல்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு சுவிட்ச் போட்டால் முத்து விளையும்.

ஒவ்வொன்றுக்கும் பலகை எழுதினேன். காட்டின் பலகையை எழுதும்போது கை நின்றுவிட்டது. “மாமா, இதுல உயிருள்ள கூறுன்னு எதப் போட? எல்லாம் சிமெண்டுல்லா?”

“பாடத்துல உள்ளதப் போடு.”

“பாடத்துல மண்புழு, பூஞ்சைன்னு எல்லாம் வரும்.”

“பூஞ்சைய எடுத்துரு. கேக்கதுக்கே நல்லா இல்ல.”

இப்படியாக எங்கள் காட்டில் எதுவும் மக்காது என்று முடிவாயிற்று.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். சால்வை, மாலை, மேளம், வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள். தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஒலிபெருக்கி முன்னால் நின்று, “இங்கன ஒரு தூசி கெடயாது, ஒரு கொசு கெடயாது, ஒரு சத்தம் கெடயாது. இதுதான் இயற்கை,” என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எருமைகள் வந்தன.

கடைசித் தெருவுக்கு அப்பால் குடிசை போட்டிருந்த இசக்கியம்மாளின் எருமைகள். பிறந்ததிலிருந்து வெயில் ஏறினால் அந்தப் பள்ளத்தில்தான் வந்து விழும். மூடிவிட்டதை அவற்றுக்கு யாரும் அறிவிக்கவில்லை. பின்பக்க வேலி இன்னும் கட்டி முடியாததால், பழைய தடத்திலேயே வந்து, பாலைவனத்தைக் கடந்து, புல்வெளியை ஒரு தடவை முகர்ந்து பார்த்து, நேரே குளத்துக்குள் இறங்கிப் படுத்தன. குளத்துத் தண்ணீர் முழுக்க வெளியே வந்து பெரிய மனிதரின் செருப்பை நனைத்தது. ஓர் எருமை பிளாஸ்டிக் தாமரையை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

பெரிய மனிதர் கைதட்டினார். “பிரமாதம். தத்ரூபமா அமைச்சிருக்கீங்க,” என்றார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். தலைவரும் தட்ட வேண்டியதாயிற்று.

பின்னாலேயே இசக்கியம்மாள் கம்போடு ஓடிவந்தாள். “ஏளா, எந்திரி. ஆளுக நிக்காங்கல்லா,” என்று எருமையை அதட்டினாள். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “ஒன் மாட்ட இங்கன விடக் கூடாதுன்னு சொன்னேம்லா?” என்றார்.

“நான் எங்க விட்டேன் அண்ணாச்சி, அதுவா வந்துட்டு. நீங்க வேணும்னா அதுட்டச் சொல்லிப் பாருங்க,” என்றாள்.

அவர் சொல்லிப் பார்க்கவில்லை. மறுநாளே பின்பக்க வேலி எழும்பியது. எருமைகள் கொஞ்ச நாள் வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, பிறகு எங்கோ போயின. இசக்கியம்மாள் அவற்றை விற்றுவிட்டு மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போகிறாள் என்று அம்மா சொன்னாள். விழாப் படங்களில் எருமை இல்லாததாகப் பார்த்து எடுத்துக் குழுவில் போட்டார் தலைவர்.

அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான போராட்டம் ஆரம்பித்தது. உயிர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மைனா உறுமுகிற முயலின் வாய்க்குள் கூடு கட்டியது. கூட்டை எடுத்து வாயை சிமெண்டால் பூசினார். முயல் அதற்குப் பிறகு பார்க்கச் சாதுவாகிவிட்டது. அரணை வந்தது. தளத்தின் வெடிப்பில் உமரி முளைத்தது; ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினார். ஒரு செவலை நாய் ஒட்டகத்தின் மறைவில் குட்டி போட்டது. அதை விரட்டக் கம்பெடுத்துக்கொண்டு போனவர், அது முறைத்ததும் திரும்பி வந்து மாநகராட்சிக்குப் போன் செய்தார். வண்டி வந்தபோது நாயும் இல்லை, குட்டிகளும் இல்லை. அத்தை கொல்லைக் கதவை அன்று முழுக்கத் திறக்கவே இல்லை.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வருகிற சுகாதார ஊழியர் ஒருவர், குளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பலகையையும் படித்தார். “சார், மீனுன்னு போட்டிருக்கு, இல்ல. தவளைன்னு போட்டிருக்கு, இல்ல. போர்டுல இல்லாத கொசுப்புழு மட்டும் கிலோ கணக்குல கெடக்கு,” என்றார். அன்றே குளத்தை வற்ற வைத்தார் தலைவர். தண்ணீர் இருக்க வேண்டிய மட்டத்துக்கு நீல பெயிண்ட் அடித்தார். எங்கள் பூங்காவில் கடைசியாக இருந்த ஈரம் அந்தக் குளத்துத் தண்ணீர்தான்.

அந்த மார்கழியில் வந்த மழையை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். விடாமல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் குளங்கள் உடைந்துவிட்டன என்று அம்மாவுக்குப் போனில் சொன்னார்கள். அப்புறம் போனும் நின்றுபோயிற்று. எங்கள் வீடு ஒற்றைத் தளம். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்ததும் நானும் அம்மாவும் தலைவர் வீட்டு மாடிக்குப் போனோம். அத்தை மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

மழை விட்டது. மற்றத் தெருக்களில் தண்ணீர் மெல்ல இறங்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மட்டும் இறங்கவில்லை. பள்ளம் இருந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் வந்திருக்கும், ஆனால் வடிந்திருக்கும். இதை அந்த மாடியில் யாரும் சொல்லவில்லை. தலைவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பூங்கா இருந்த திசையைப் பார்த்தபடி நின்றார். தண்ணீரின் மட்டத்தைப் படித்துச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் யாரும் இல்லை.

அடுத்த நாள் காலையில் கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து உப்பளத்தை ஒட்டிய மேட்டுச் சாலையில் இறக்கினார்கள். ஒரு வள்ளம் எங்கள் மாடிப்படிக்கு வந்தது. ஓட்டி வந்தவர் நடுவயதுக்காரர், கழுத்தில் சிலுவைக் கயிறு. “பைய வாங்க, பைய வாங்க. ஓரமா உக்காராதீய,” என்று எங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டார். மேட்டுக்குப் போக வேண்டுமானால் பூங்கா வழியாகத்தான் போக வேண்டும்.

பூங்காவில் வேலியும் பலகைகளும் தண்ணீருக்குள் போயிருந்தன. சிமெண்டுக் கடல் நிஜத் தண்ணீருக்கடியில் எங்கோ கிடந்தது. டால்பினின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் கொக்குகள் வரிசையாக நின்றன. மரங்களின் பிளாஸ்டிக் இலைகளுக்குள் ஓணான்கள். ஒரு கிளையில் சாரைப்பாம்பு சுற்றியிருந்தது. கொஞ்சம் தள்ளி, அதே கிளையில், நனைந்துபோன கீரிப்பிள்ளை ஒன்று பாம்பைப் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தது. மானின் பிடரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பூனை. நான் பலகையில் எழுதியதைவிட அதிகம் இருந்தது.

ஒட்டகத்தின் திமிலோடு ஒட்டி அந்தச் செவலை நாய் நின்றது. காலுக்கடியில் ஒரே ஒரு குட்டி. தண்ணீர் ஒட்டகத்தின் முதுகை எட்டிக்கொண்டிருந்தது. நாய் குரைக்கக்கூட இல்லை.

“அத ஏத்திக்கிடுவோம்,” என்றாள் அத்தை.

“வேலிக்கம்பி எங்கன கெடக்குன்னு தெரியலயே தாயி. வள்ளம் கிழிஞ்சிட்டுன்னா எல்லாரும் போயிருவோம். கிட்ட விட மாட்டேன்,” என்றார் வள்ளக்காரர். அவர் சொன்னது நியாயம்தான்.

அத்தை கணவரின் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “நான் சோறு போட்டு வளத்தது,” என்றாள். அவரிடம் அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். “வேலி அந்தப் பக்கம். இங்கன இருந்து நேரா போனா பாலைவனம், தளம் சமமா இருக்கும். நெஞ்சளவுதான் வரும். நான் போட்ட லெவல்லா,” என்றார்.

“மாமா, வேண்டாம். பாம்பு கெடக்கு,” என்றேன்.

“கெடக்கட்டும்,” என்று இறங்கிவிட்டார்.

நெஞ்சளவு என்றது சரியாக இருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு, காலால் தடவித் தடவிப் போனார். மஞ்சள் கலர் கரைந்த தண்ணீர் அவரைச் சுற்றிக் கலங்கியது. கிளையில் இருந்த பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் நடந்தார். ஒட்டகத்தை அடைந்து முதலில் குட்டியை எடுத்தார். நாய் அவர் முழங்கையைக் கடித்தது. கடித்த பிடியை விடவே இல்லை. அவரும் குட்டியை விடவில்லை. கடித்துக்கொண்டிருந்த நாயை இன்னொரு கையால் அப்படியே அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது அவர் கையிலேயே தொங்கியது. அத்தை காதோரம் தடவிக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தது.

“ரத்தம் வருது,” என்றாள் அத்தை, சேலைத் தலைப்பைக் கிழித்துக்கொண்டே.

“அது பயத்துல கடிக்கு. ஊசி போட்டுக்கிடலாம்,” என்றார் அவர். பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் வடிந்து, வீடுகளைக் கழுவி, நனைந்த மெத்தைகளைத் தெருவில் போட்ட பிறகு சங்கக் கூட்டம் நடந்தது. எல்லோரும் கத்தினார்கள். கம்பெனியைத் திட்டினார்கள், மாநகராட்சியைத் திட்டினார்கள், வானிலையைத் திட்டினார்கள். திறப்பு விழாவில் தட்டிய கைகள்தான் அத்தனையும். தலைவரை நேராகத் திட்ட மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. அவர் எழுந்து, கட்டுப் போட்ட கையோடு நின்று, “பள்ளத்த ரொப்புனது நான். திரும்பத் தோண்டிருவோம்,” என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

தோண்டும்போதும் அவர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஜேசிபி டிரைவரை நூல் பிடித்துத் தோண்டச் சொன்னார். “பள்ளம்னாலும் ஒழுங்கா இருக்கணும்லா?” என்று நான்கு மூலையிலும் முளை அடித்தார். டால்பினும் ஒட்டகமும் உடைந்து லாரியில் ஏறின. முதல் மழைக்கே அவர் வெட்டிய நேர்க்கரை சரிந்து, பள்ளம் பழையபடி கோணல்மாணலாகிவிட்டது. முளைக்குச்சிகள் சேற்றில் சாய்ந்தன. அவர் வந்து பார்த்தார். நிமிர்த்தி நடுவார் என்று நினைத்தேன். அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். புதிதாக வந்த செயலாளர் இளைஞர். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. முதல் கூட்டத்திலேயே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பள்ளத்தைச் சுற்றி நடைபாதைக் கல், கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. “எக்கோ ஜோன்னு பேரு வைப்போம். நீட்டா இருக்கும்,” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நடக்க வசதியாக இருக்கும் என்று என் அம்மாவும் ஆட்டினாள்.

பின்வரிசையிலிருந்து பழைய தலைவர் எழுந்தார். “ஏலே தம்பி, அது சும்மா கெடக்கட்டுமே,” என்றார்.

“சும்மா கெடந்தா எப்படி சார்? எதாவது செய்யணும்லா?”

“எதுக்கு?”

செயலாளருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. புரியும்படி சொல்லக் கேட்டவருக்கும் தெரியவில்லை. கைதூக்கச் சொன்னார்கள். சும்மா கிடக்கட்டும் என்பதற்கு அவர் கையும் என் கையும்தான் எழுந்தன.

மூன்று பக்கமும் கல் பதித்தார்கள். நான்காவது பக்கம் அவர் வீட்டுக்கு எதிரே. அங்கே கல் இறக்க லாரி வந்தபோது அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் படித்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். செயலாளர் வந்து பேசினார். அவர் பேப்பரில் பக்கத்தைத் திருப்பினார். டிரைவருக்கு வேறு லோடு இருந்தது. கல்லை எதிர்ப்பக்கமே கொட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் இன்றைக்கும் வெறும் மண்தான்.

அந்த மண்ணில்தான் அடுத்த கோடையில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டது. அதற்குக் கூடு கிடையாது. நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டை கிடக்கும், கல்லென்றே தோன்றும். யாராவது கிட்டப் போனால் போதும், கிறீச் கிறீச்சென்று தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். நடைபாதைக்காரர்களுக்கு அது பெரிய தொந்தரவு என்று குழுவில் புகார் வந்தது.

மகளிடம் சென்னைக்குப் போவதற்கு முந்தைய மாதங்களில் அவர் தினமும் காலையில் அந்தப் பக்கம் போவார். போகிறார் என்று பேச்சுக்குத்தான் சொல்ல முடியும். நாலடிகூட வைக்க முடியாது. குருவி எழுந்து வந்து அவர் வழுக்கைத் தலையைக் குறிவைத்துப் பாயும். மற்றவர்களைத் திட்டுவதைவிட அவரைக் கூடுதலாகத் திட்டும். அவர் கையை வீசமாட்டார், கம்பெடுக்கமாட்டார். உடனே திரும்பி, தோளைக் குறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

வாசலில் நிற்கிற அத்தையிடம், “இன்னைக்கும் வையுதுளா,” என்பார்.

“நாளைக்குப் போவாதீங்க,” என்பாள் அத்தை.

மறுநாளும் போய் வாங்கிக்கட்டிக்கொண்டு வருவார்.